விழுந்தால் ஒரு சிரிப்பு, விளங்கினால் ஒரு சிரிப்பு

வரைபடத்தில் சதுரகிரி மலையடிவாரத்து வத்திராயிருப்பின் மேல் பேனாவை வைத்து இரண்டு நேர்கோடுகள் இழுத்துப் பாருங்கள். ஒன்று வடகிழக்கே மதுரைக்கு, இன்னொன்று தெற்கே கோவில்பட்டிக்கு. இரண்டும் ஏறத்தாழ 60 கிலோமீட்டர்தான். மதுரை, நகைச்சுவை நடிகர் வடிவேலுவின் ஊர். கோவில்பட்டி, விவேக் பிறந்த ஊர். ஒருவர் விழுந்தும் வழுக்கியும் அடி வாங்கியும் சிரிக்க வைத்தவர். மற்றவர் நின்ற இடத்தில் நின்றபடி ஒரு சொல்லைத் திருப்பிப் போட்டே சிரிக்க வைத்தவர். (வடிவேலுவின் வாய்க்கும் விவேக்கின் உடம்புக்கும் வேலையே இல்லை என்று சொல்லவில்லை, எந்தப் பக்கம் கனம் என்பதுதான் பேச்சு.) சதுரகிரி அடிவாரத்திலிருந்து ஸ்ரீவில்லிபுத்தூர், ராஜபாளையம் வரை டீக்கடை பெஞ்சுகளில் நடக்கும் ‘வடிவேலுவா, விவேக்கா’ வழக்கில் இன்னும் தீர்ப்பு வரவில்லை. வரவும் வராது. இரண்டு சிரிப்பும் தலைக்குள் ஏறும் வழிகளே வேறு.

சினிமா வருவதற்கு முன்பே இந்தப் பக்கத்து ஜனங்கள் இரண்டையும் ஒரே இரவில் பார்த்துப் பழகியவர்கள். அம்மன் கோயில் பொங்கலுக்கு நாடகம் போட்டால், பெரும்பாலும் அது சங்கரதாஸ் சுவாமிகளின் (1867–1922) ‘வள்ளி திருமணம்’. மதுரை வட்டாரத்தில் ‘ஸ்பெஷல் நாடகம்’ என்பார்கள். இதில் ஒத்திகை கிடையாது. பபூன் ஓர் ஊரிலிருந்து வருவார், ராஜபார்ட் வேறோர் ஊரிலிருந்து, ஸ்திரீபார்ட் இன்னோர் ஊரிலிருந்து. ஒவ்வொருவரையும் தனித்தனியாகப் பேசி அமர்த்தியிருப்பார்கள். அன்று இரவு மேடையில்தான் எல்லோரும் ஒன்றுசேர்வார்கள். ஆட்டம் இரவு 10 மணி வாக்கில் தொடங்கி விடியும் வரை போகும்.

அந்த இரவின் அமைப்பைக் கவனித்தால் ஒரு சூட்சுமம் தெரியும். முதல் இரண்டு மணி நேரம் பபூனுக்கும் டான்ஸ்காரப் பெண்ணுக்கும். அவள் ஆடிக்கொண்டே ஒரு பக்கத்திலிருந்து வருவாள், அவர் இன்னொரு பக்கத்திலிருந்து வருவார், நடு மேடையில் ‘டமார்’ என்று மோதிக்கொள்வார்கள். அங்கிருந்து சண்டை, சவால், காதல் என்று போகும். சில இடங்களில் ‘அடிபிடி’ என்றே ஒரு காட்சி உண்டு. புருஷன் பெண்டாட்டி ஒருவரையொருவர் மாற்றி மாற்றி அறைவார்கள். இந்த மேடையைப் பல ஆண்டுகள் கூடவே இருந்து ஆராய்ந்த அமெரிக்க மானிடவியலாளர் சூசன் சைசர், மோதலையும் அறைதலையும்கூடக் காட்சி காட்சியாகப் பிரித்து, இந்தக் கலைஞர்களைப் பற்றி 2005-இல் ஒரு முழுப் புத்தகமே எழுதினார். நள்ளிரவுக்கு மேல்தான் நாரதரும் வள்ளியும் வேலனும் தர்க்கத்துக்கு வருவார்கள். இனி யாரும் விழ மாட்டார்கள். கேள்விக்குக் கேள்வி, சொல்லுக்குச் சொல். முன்வரிசைப் பிள்ளைகள் அதற்குள் தூங்கியிருக்கும். பெரியவர்கள் சுண்ணாம்பு தடவிய வெற்றிலையை மடித்துக்கொண்டு நிமிர்ந்து உட்காருவார்கள்.

இதில் பழைய சிரிப்பு எது? மோதலைப் பார்த்து வருவதுதான்.

சிரிக்கும்போது விலா எலும்புகளுக்கு இடையிலுள்ள தசைகளும் உதரவிதானமும் சேர்ந்து மூச்சைத் துண்டு துண்டாக வெளியே தள்ளுகின்றன. ஒவ்வொரு ‘ஹா’வும் சுமார் 75 மில்லிநொடி நீளம் (ஒரு நொடியை ஆயிரமாகப் பிரித்தால் ஒரு பங்கு ஒரு மில்லிநொடி). ஒரு ‘ஹா’ தொடங்கி 210 மில்லிநொடி கழித்து அடுத்தது. ஆக நொடிக்கு ஏறக்குறைய 5. அமெரிக்க நரம்பியலாளர் ராபர்ட் புரோவைன் சிரிப்பைப் பதிவு செய்து அளந்து சொன்ன கணக்கு இது. விழுந்து விழுந்து சிரிப்பவரால் பேச முடியாததற்குக் காரணமும் இதுதான். பேச்சுக்கு வேண்டிய மூச்சை அதைவிட மூத்த வேலை ஒன்று பிடுங்கிக்கொள்கிறது.

எவ்வளவு மூத்தது? 2009-இல் மரீனா டவிலா ராஸ் குழுவினர் மனிதக் குழந்தைகளுக்கும் ஒராங்குட்டான், கொரில்லா, சிம்பன்சி, பொனோபோ குட்டிகளுக்கும் கிச்சுகிச்சு மூட்டி ஒலியைப் பதிவு செய்தார்கள். ஒலிகளின் ஒற்றுமை வேற்றுமையை வைத்து உறவுமுறை வரைந்தால், மரபணுக்கள் சொல்லும் அதே வம்ச வரைபடம் கிடைத்தது. சிரிப்பின் வேர் 1 கோடி முதல் 1.6 கோடி ஆண்டுகள் முன்பு வாழ்ந்த ஒரு பொது மூதாதையிடம் இருக்கிறது. எலியும் கிச்சுகிச்சு மூட்டினால் கீச்சிடுகிறது. நொடிக்கு 50,000 அதிர்வு கொண்ட அந்த ஒலி நம் காதுக்கு எட்டாது. நம் காதின் எல்லை சுமார் 20,000. மனிதக் குழந்தை முதல் சொல்லைச் சொல்ல ஒரு வயது ஆகிறது. சிரிக்க நாலு மாதம் போதும்.

கிச்சுகிச்சில் ஒரு புதிர் உண்டு. நமக்கு நாமே மூட்டிக்கொண்டால் சிரிப்பு வராது. லண்டனில் சாரா ஜெய்ன் பிளேக்மோர் 1998-இல் மூளையைப் படம் பிடித்து இதற்கு விளக்கம் தேடினார். கை எங்கே தொடப்போகிறது என்பதைப் பின்தலையிலுள்ள சிறுமூளை முன்கூட்டியே கணித்துவிடுகிறது; கணித்ததும் அந்த உணர்ச்சியை மட்டுப்படுத்திவிடுகிறது. கணிக்க முடியாத தொடுகைதான் கூசும். அதுவும் வேண்டியவர் தொட்டால்தான் சிரிப்பு. முன்பின் தெரியாதவர் தொட்டால் அலறல். எதிர்பாராதது நடக்க வேண்டும், அது ஆபத்தில்லாததாகவும் இருக்க வேண்டும். பீட்டர் மெக்ராவும் கேலப் வாரனும் 2010-இல் இதையே எல்லா நகைச்சுவைக்கும் விரித்து ‘தீங்கற்ற மீறல்’ என்று பெயரிட்டார்கள். ஏதோ ஓர் ஒழுங்கு உடைய வேண்டும், உடைந்தாலும் பாதகமில்லை என்று அதே நேரத்தில் தெரிய வேண்டும். இரண்டில் ஒன்று குறைந்தாலும் சிரிப்பு இல்லை.

பபூன் டான்ஸ்காரியின் மேல் மோதும்போது பாதகமில்லை என்று நமக்கு எப்படித் தெரிகிறது? இத்தாலிய ஆய்வாளர்கள் 2014-இல் இதைச் சோதித்தார்கள். இசகுபிசகாக மாட்டிக்கொண்டவர்களின் படங்களைக் காட்டி, பார்ப்பவர்களின் மூளை மின்னலைகளைப் பதிவு செய்தார்கள். மாட்டிக்கொண்டவரின் முகத்தில் திகைப்பு இருந்தால் சிரிப்பு வந்தது; வலியோ கோபமோ இருந்தால் வரவில்லை. ஆக, விழுவது பாதி வேலைதான். விழுந்த பிறகு எந்த முகத்தைக் காட்டுகிறோம் என்பது மீதி. வடிவேலுவின் அடிவாங்கும் காட்சிகளை இந்தக் கண்ணோடு மறுபடி பாருங்கள். அடி விழுந்ததும் அந்த முகத்தில் முதலில் தெரிவது வலி இல்லை. ‘என்னையவா? எனக்கேவா?’ என்ற நம்ப முடியாத திகைப்புதான் முந்திக்கொண்டு வரும். வலி அதற்குப் பின்னால் சாவகாசமாக வரும். ஆய்வுக்கூடம் கண்டுபிடித்ததை அந்த முகம் அதற்குப் பல ஆண்டுகள் முன்பே தொழிலாகச் செய்துகொண்டிருந்தது. ‘காதலிக்க நேரமில்லை’யில் (1964) நாகேஷ் பேய்க்கதை சொல்லும் காட்சியும் அப்படித்தான். கதையும் ஓசையும் நாகேஷுடையவை. நம் கண்ணோ கேட்டுக்கொண்டிருக்கும் பாலையாவின் முகத்தை விட்டு நகராது.

இன்னொரு ஆச்சரியம் மேடையின் ஓரத்தில் உட்கார்ந்திருக்கிறது. ஸ்பெஷல் நாடகத்தில் ஆர்மோனியம், மிருதங்கத்தோடு ‘ஆல்ரவுண்ட்’ என்று ஒரு வாத்தியக்காரர் இருப்பார். அறை விழும் கணத்தில் சத்தம் கொடுப்பவர் அவர். நடிகரின் கை கன்னத்தில் படவே வேண்டாம். நம் மூளை காட்சியையும் ஒலியையும் ஒட்டிவிடும். எவ்வளவு பிசகினாலும் ஒட்டும்? ஒலி நொடிக்கு சுமார் 340 மீட்டர் போகிறது. மேடைக்கு 30 மீட்டர் தள்ளி நிற்பவருக்கு நேராக வரும் அறைச் சத்தம் 90 மில்லிநொடி தாமதமாகத்தான் வந்து சேரும். ஆனாலும் அவருக்கு அது அந்தக் கன்னத்திலிருந்தே வருகிறது. சத்தம் பிந்தினால் மூளை தாராளமாகப் பொறுத்துக்கொள்கிறது. முந்தினால் சீக்கிரம் கண்டுபிடித்துவிடுகிறது. மின்னலுக்கு முன்னால் இடி வராது என்பது அதற்குத் தெரியும். ஒத்திகையே இல்லாமல், முதல் தடவை சேர்ந்து ஆடும் இருவருக்கு, மூன்றாவது ஆள் ஒருவர் இந்த நுணுக்கத்தில் தாளம் தவறாமல் அடிக்கிறார் என்பதை யோசித்தால், அடிதடிச் சிரிப்பை மட்டமானது என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. விழுந்து காட்டுவது லேசு என்று நினைப்பவர்கள் நாலு பேர் முன்னால் ஒரு தடவை விழுந்து பார்க்கலாம்.

கண் வழி மின்னல் வேகம். ஒரு படத்தில் மிருகம் இருக்கிறதா இல்லையா என்று மூளை பிரித்தறிய சுமார் 150 மில்லிநொடி போதும் என்று பிரான்சின் சைமன் தோர்ப் 1996-இல் காட்டினார். நீங்கள் ஒரு தடவை கண் இமைப்பதற்கு ஆகும் நேரத்தில் ஏறக்குறைய பாதி.

நள்ளிரவுத் தர்க்கத்துக்கு வருவோம். அங்கே வேலை மெதுவாகவும் சுற்றுவழியிலும் நடக்கிறது. உதாரணத்துக்கு ஒரு துணுக்கு. வெளியூர்க்காரர் வத்திராயிருப்பில் இறங்கி, “இந்தப் பக்கம் ஆறு இருக்காண்ணே?” என்று கேட்கிறார். பதில்: “ஆறெல்லாம் எங்கப்பா, ஒண்ணுதான் இருக்கு. அதுலயும் தண்ணி இல்ல.”

பெரிய சிரிப்பு இல்லை என்பது தெரியும். ஆனால் இதைப் படித்தபோது உங்கள் தலைக்குள் நடந்தது பெரிய விஷயம். டேவிட் ஸ்வின்னி 1979-இல் செய்த சோதனையின்படி, இரட்டைப் பொருள் சொல் ஒன்று காதில் விழுந்ததும் அதன் இரண்டு பொருளும் மூளையில் எழுந்து நிற்கின்றன. சந்தர்ப்பம் ஒரு பொருளைத்தான் கேட்கிறது என்பது தெளிவாக இருந்தாலும் இப்படித்தான். அடுத்த மூன்று அசைகள் கடப்பதற்குள் பொருந்தாத பொருள் அமுங்கிவிடுகிறது. நமக்கு அது எழுந்ததே தெரியாது. வெளியூர்க்காரர் ‘ஆறு’ என்றதும் நதியும் எண்ணும் சேர்ந்தே எழுந்தன. எண் உடனே படுத்துவிட்டது. ‘ஒண்ணுதான்’ என்று பதில் வந்ததும், படுத்ததை மறுபடி எழுப்ப வேண்டியதாயிற்று. ‘தண்ணி இல்ல’ என்றதும் மறுபடி நதிக்கு ஓட்டம். ஒரு நாளில் நாம் கேட்கும் ஆயிரக்கணக்கான சொற்களில் இப்படி எத்தனை பொருள்கள் எழுந்து, தோற்று, சத்தமில்லாமல் போகின்றனவோ! சிலேடைக்காரர் அந்தத் தோற்றவர்களுக்காக வழக்காடுகிறவர். ஒரே பாட்டைப் பாம்புக்கும் எள்ளுக்கும் பொருந்தப் பாடிய காளமேகப் புலவர், கேட்பவர் மனத்தில் இரண்டு பொருளையும் கடைசி அடி வரை படுக்கவிடாமல் நிறுத்திவைத்தார்.

இந்த ஓட்டத்தை மின்னலையாகவே பார்க்கலாம். வாக்கியத்தில் பொருந்தாத சொல் வந்தால், சுமார் 400 மில்லிநொடியில் மண்டையின் மேல் ஒரு சிறு மின்சரிவு பதிவாகிறது. ‘இட்லிக்குத் தொட்டுக்கொள்ளச் செருப்பு வைத்தார்’ போன்ற வாக்கியங்களைக் கொடுத்து மார்ட்டா குட்டாஸும் ஸ்டீவன் ஹில்யார்டும் 1980-இல் இதைக் கண்டார்கள். ‘என்-400’ என்பது அதன் பெயர். அளவு சில மைக்ரோவோல்ட்தான். 5 மைக்ரோவோல்ட் என்று வைத்தால், டார்ச் லைட்டில் போடும் சின்ன பேட்டரியின் மின்னழுத்தத்தில் மூன்று லட்சத்தில் ஒரு பங்கு. செருப்பு வாக்கியத்தில் மூளை அதோடு நின்றுவிடுகிறது. துணுக்கில் நிற்பதில்லை, திரும்பிப் போய், முன்னே கேட்டதை வேறு பொருளில் படித்து, ‘அட!’ என்று பொருத்திவிடுகிறது. முதலில் பொருந்தாமை, பிறகு பொருத்தம் என்று ஜெரி சல்ஸ் 1972-இல் இந்த இரண்டு படிகளைப் பிரித்துக் காட்டினார். பொருத்தியதற்குக் கூலியும் உண்டு. சிரிப்புப் படங்களைப் பார்க்கும்போது, உணவும் பணமும் கிடைத்தால் கிளர்ச்சியடையும் ‘நியூக்ளியஸ் அக்கும்பென்ஸ்’ என்ற அடிமூளைப் பகுதி வேலை செய்வதை ஸ்டான்ஃபோர்டு ஆய்வாளர்கள் 2003-இல் கண்டார்கள். படம் எவ்வளவுக்குச் சிரிப்போ, அவ்வளவுக்குக் கூலி.

அறிவுச் சிரிப்பு என்று நாம் ஒரே மூட்டையாகக் கட்டுவதும் தலைக்குள் ஒன்றல்ல. வினோத் கோயலும் ரேமண்ட் டோலனும் 2001-இல், ஓசையை வைத்து விளையாடும் துணுக்குகளையும் பொருளை வைத்து விளையாடும் துணுக்குகளையும் தனித்தனியே கேட்க வைத்துப் படம் பிடித்தார்கள். முதல் வகை பேச்சை உருவாக்கும் இடப்பக்கப் பகுதிகளைத் தட்டியது. இரண்டாவது வகை, பொருளைக் கையாளும் பொட்டுப் பகுதிகளை இருபுறமும் தட்டியது. ‘இது சிரிப்புதான்’ என்று முத்திரை விழுந்த இடம் மட்டும் இரண்டுக்கும் பொது. நெற்றிக்குப் பின்னால், உட்புறமாக, கீழே.

வெளியே வரும் வழியில் இன்னொரு பிரிவு. அடக்க முடியாமல் பீறிடும் சிரிப்பு, உணர்ச்சியை ஆளும் ஆழ்மூளைப் பகுதிகளிலிருந்து கிளம்புகிறது. மேலதிகாரி சொன்ன ஜோக்குக்கு நாம் சிரிப்பது முன்மூளையின் இயக்கப் பகுதியிலிருந்து வருகிறது. இரண்டும் மூளைத்தண்டில் சேர்ந்து அதே விலாத் தசைகளுக்குப் போகின்றன.

தொல்காப்பியர் மெய்ப்பாடுகள் எட்டில் நகையை முதலில் வைத்தார். அது பிறக்கும் இடங்கள் நான்கு என்றார்: எள்ளல், இளமை, பேதைமை, மடன். அதாவது கேலி, சிறுபிள்ளைத்தனம், விவரமின்மை, சொன்னதை அப்படியே நம்பும் வெள்ளந்தித்தனம். வழுக்கி விழுவதும் இதில் இல்லை, சிலேடையும் இல்லை. நான்குமே மனிதர்களைப் பற்றியவை. எப்படிச் சிரிக்க வைக்கிறார்கள் என்பதைவிட யாரைப் பார்த்துச் சிரிக்கிறோம் என்பதே அவருக்கு முக்கியமாகப் பட்டிருக்கிறது. ‘கரகாட்டக்காரன்’ (1989) வாழைப்பழக் காட்சியை இந்தப் பட்டியலில் வைத்துப் பார்த்தால் நன்றாகப் பொருந்தும். இரண்டு பழத்துக்குக் காசு கொடுத்து அனுப்புகிறார் கவுண்டமணி. ஒன்றைத் தின்றுவிட்டு ஒன்றோடு வருகிறார் செந்தில். இன்னொன்று எங்கே என்றால், கையில் இருப்பதுதான் அந்த இன்னொன்று என்கிறார். தர்க்கப்படி பார்த்தால் செந்தில் பக்கம் ஓட்டை ரொம்பச் சின்னது. சுத்தமான சொற்சிக்கல் அது. அதைக் கவுண்டமணியால் அவிழ்க்க முடியாமல் போக, அடியில் முடிகிறது. பத்து மணி பபூனும் இரண்டு மணி தர்க்கமும் சில நிமிடத்துக்குள்.

சரி, ஒருவருக்கு இது பிடிக்கிறது, இன்னொருவருக்கு அது. ஏன்?

வயது ஒரு காரணம். வில்லிபால்ட் ரூக் குழுவினர் 1990-இல் வெளியிட்ட ஆய்வில் 4,000-க்கும் மேற்பட்ட ஜெர்மானியர்களிடம் துணுக்குகளையும் கேலிப் படங்களையும் கொடுத்துப் பார்த்தார்கள். வயது ஏற ஏற, முடிச்சு அவிழ்ந்து பொருள் பிடிபடும் நகைச்சுவையில் விருப்பம் கூடியது. தலையும் வாலும் இல்லாத அபத்தத்தில் குறைந்தது. வெற்றிலை மடிக்கும் பெரியவர்கள் தர்க்கத்துக்காகக் காத்திருப்பதில் வியப்பில்லை. மூளையின் நலமும் ஒரு காரணம். முன்மூளையையும் பொட்டுப் பகுதியையும் அரிக்கும் ஒருவகை மறதிநோய் வந்தவர்களை லண்டனில் ஆராய்ந்தபோது, அங்கதமும் அபத்தமும் அவர்களுக்குப் பிடிக்காமல் போயிருந்தன. அடிதடிச் சிரிப்பு பெரும்பாலும் தப்பியிருந்தது. நோய் தெரிவதற்குப் பல ஆண்டுகள் முன்பே ரசனை மாறியதாக உறவினர்கள் பலர் நினைவுகூர்ந்தார்கள். வடிவேலு பிடித்தவர்கள் யாரும் இதைப் படித்துப் பதற வேண்டாம். கவனிக்க வேண்டியது, ஒருவருடைய பழைய ரசனை திடீரென்று மாறுவதைத்தான்.

மரபணு? இங்கேதான் எனக்கு மிகப் பிடித்த முடிவு. 2000-இல் பிரிட்டனில் 127 ஜோடி இரட்டையர்களிடம் கேலிச் சித்திரங்களைக் கொடுத்து மதிப்பெண் போடச் சொன்னார்கள். மரபணு முழுவதும் ஒன்றான இரட்டையர்கள் ஒருவரோடொருவர் ஒத்துப்போனார்கள். பாதி மட்டும் ஒன்றான இரட்டையர்களும் ஏறக்குறைய அதே அளவுக்கு ஒத்துப்போனார்கள். ஆக, மரபணுவின் பங்கு என்று எதுவும் பிடிபடவில்லை. ஒரே வீட்டில் வளர்ந்ததுதான் காரணமாக நின்றது. எதற்குச் சிரிப்பது என்பதை நாம் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர்களிடமிருந்து எடுத்துக்கொள்கிறோம். புரோவைன் பொது இடங்களில் 1,200 சிரிப்புகளைக் குறித்துவைத்துப் பார்த்தார். நகைச்சுவை என்று சொல்லத்தக்க ஏதோ ஒன்றுக்குப் பின் வந்தவை அவற்றில் 20 விழுக்காடுகூடத் தேறவில்லை. மற்றதெல்லாம் ‘சரி, வரட்டுமா’ போன்ற சாதாரணப் பேச்சுக்கு. கூட ஆள் இருந்தால் சிரிப்பு 30 மடங்கு கூடுகிறது என்பதும் அவர் கணக்கு. டீக்கடை வழக்கில் வடிவேலு கட்சி எது, விவேக் கட்சி எது என்பது, யார் எந்த வீட்டில் யாரோடு உட்கார்ந்து டிவி பார்த்தார் என்பதில் பெரும்பாலும் முடிவாகியிருக்கும்.

கட்சி மாறும் சிரிப்பும் உண்டு. ‘ஃப்ரண்ட்ஸ்’ (2001) படத்தில் ரமேஷ் கண்ணா மேலேயிருந்து தவறவிட்ட சுத்தியல் கான்ட்ராக்டர் நேசமணியான வடிவேலுவின் தலையில் விழுகிறது. கண் வழியில் ஏறும் சுத்தமான உடம்புச் சிரிப்பு. 18 ஆண்டு கழித்து, 2019 மே மாதக் கடைசியில், சமூக வலைதளத்தில் யாரோ சுத்தியல் படம் போட்டு, உங்கள் நாட்டில் இதற்கு என்ன பெயர் என்று கேட்டார்கள். தமிழர் ஒருவர் பெயரைச் சொல்லிவிட்டு, இது விழுந்துதான் நேசமணியின் மண்டை உடைந்தது என்று ஒரு செய்தி போல எழுதினார். நேசமணி இப்போது நலமா என்று அடுத்தவர் விசாரித்தார். யாரும் சிரிக்கவில்லை, எல்லோரும் முகத்தை இறுக்கமாக வைத்துக்கொண்டு பிரார்த்தித்தார்கள். டெல்லியில் புதிய அமைச்சரவை பதவியேற்ற மே 30 வாக்கில், நேசமணிக்கான பிரார்த்தனை ட்விட்டரில் உலக அளவில் முன்னணிக்கு வந்தது. இம்முறை யாரும் எங்கும் விழவில்லை. படம் பார்த்திருந்தால்தான் புரியும், புரிந்தால்தான் சிரிப்பு வரும். படம் பார்க்காதவர்கள், யார் இந்த நேசமணி, தலைக்கு ஒன்றும் ஆகவில்லையே என்று நிஜமாகவே கேட்டுக்கொண்டிருந்தார்கள்.